பொழுது சாயும் வரை யோக்கியர்கள்

அம்பரோவுக்குக் கல்யாணம் தள்ளிப்போனதற்கு மாப்பிள்ளை கிடைக்காதது காரணமில்லை. மாப்பிள்ளை கிடைத்து ஒன்றரை வருஷமாகிவிட்டது. கிடைக்காமல் இருந்தது அரசாங்கம்.

அவள் அப்பா ஹிர்சி அதில் பிடிவாதமாக இருந்தார். மொகதிஷுவில் ஐஸ் கம்பெனி வைத்து, மீன் மார்க்கெட்டிலிருந்து மந்திரி வீட்டு விருந்து வரைக்கும் ஐஸ்கட்டி அனுப்பிய மனிதர். ஒரே மகளின் கல்யாணத்தைக் கடற்கரை ஹோட்டலில், பாட்டுக் கச்சேரியோடு, பதிவாளரை வரவழைத்து, நாலு பெரிய மனிதர்களை முன்வரிசையில் உட்காரவைத்து நடத்துவதென்று அவள் பிறந்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டவர். இப்போது அந்த ஹோட்டலுக்குக் கூரை இல்லை. பதிவாளர் ஓடிவிட்டார். பெரிய மனிதர்கள் அவருக்கும் முன்னாலேயே ஓடிவிட்டார்கள். மாப்பிள்ளை ரோப்லே வீட்டார் பெண் கேட்டு வரும்போதெல்லாம் ஹிர்சி ஏலக்காய் போட்ட தேநீர் கொடுப்பார், பையனைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டார், கடைசியில் ஒரே பதிலைச் சொல்லி அனுப்புவார்.

"ஒரு அரசாங்கம் வரட்டும். அப்புறம் பாப்போம்."

அரசாங்கமாக இருப்பதற்கு ஊரில் ஆள் இல்லாமல் இல்லை. பழைய ஆட்சி போனதிலிருந்து வடக்கே ஒரு படை, தெற்கே ஒரு படை என்று நகரம் இரண்டாகி, நடுவில் இருந்த தெரு கோடாகிவிட்டது. இரண்டு படையும் அவரவர் வானொலியில் தலைநகரம் முழுவதும் தங்கள் கையில் என்று காலையும் மாலையும் சொல்லிக்கொண்டிருந்தன. ரெண்டு பேருமே தாங்கள்தான் அரசாங்கம் என்கிறார்களே, அதில் ஒன்றை வைத்துக்கொண்டு முடிக்கக்கூடாதா என்று அம்பரோ ஒருநாள் கேட்டுப் பார்த்தாள். ஒரே பெண்ணுக்கு ரெண்டு மாப்பிள்ளை வந்து நின்றால் அதற்குப் பெயர் கல்யாணமா, கலாட்டாவா என்று அவர் திருப்பிக் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ரோப்லே பூகோள வாத்தியார். அவர் பள்ளிக்கூடத்தில் இப்போது தெற்குப் படையின் ஆடுகள் படித்துக்கொண்டிருந்தன. ஒல்லியான, சாதுவான மனிதர். பொய் சொல்ல வராது. அம்பரோவுக்கு அவரைப் பிடித்துப்போனதே அதனால்தான். ஊரில் எல்லோரும் வாயைத் திறந்தால் வானொலி மாதிரியே பேசிக்கொண்டிருந்த காலத்தில், 'தெரியலை' என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அவர்.

அந்த வாத்தியார்தான் ஒரு திங்கட்கிழமை வந்து நின்று, வியாழக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு நாலாம் கிலோமீட்டர் சந்தியிலிருந்து கென்யாவுக்கு ஒரு லாரி கிளம்புகிறது என்றும், அதில் அம்மாவும் தம்பிகளும் தானும் போகிறோம் என்றும், அடுத்த லாரி எப்போது என்று யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். மனைவியாக இருந்தால் அம்பரோவுக்கும் இடம் உண்டு. நிச்சயமானவள், நிச்சயமாகப் போகிறவள் என்றெல்லாம் சொன்னால் அம்மா ஏற்றமாட்டாள்.

"எங்கம்மாவைத் தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும் வாத்தியாரே. அப்ப நாளைக்கே ஓடிப்போயிடலாம்."

எங்கள் ஊரில் ஓடிப்போவதற்கும் ஒரு முறை உண்டு. தகப்பன் சம்மதம் தராவிட்டால், சுமையேற்றிய ஒட்டகம் இரண்டு நாளில் நடந்து கடக்கும் தூரத்துக்கு அப்பால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அந்தத் தூரத்தைத் தாண்டிவிட்டால் தகப்பன் எட்டாத இடத்தில் இருக்கிறான் என்று கணக்கு; அங்கே இருக்கிற ஷேக் அவன் இடத்தில் நின்று நிக்காஹ் செய்துவைப்பார். மொகதிஷுக்காரர்களுக்கு அந்த ஊர் ஜவ்ஹர். யுத்தத்துக்கு முன்னால் காலைப் பலகாரம் முடித்துப் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு மனைவியாகத் திரும்பி வந்துவிடலாம். ஊரில் பாதி அத்தைமார் அப்படிப் போய் வந்தவர்கள்தான். ஒரு மாதம் முறைத்துக்கொண்டு, பிறகு ஒரு தட்டு அல்வாவோடு சமாதானமாகிவிடுவார்கள்.

தொல்லை என்னவென்றால், அம்பரோ இருந்தது தெற்கில். ஜவ்ஹர் ரோடு கிளம்புவது வடக்கிலிருந்து. நடுவில் கோடு.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பேரும் போந்தேரேப் பக்கம் தெற்குக் காவல் சாவடிக்கு வந்தார்கள். அங்கே பொறுப்பு மூக்கன் வர்ஃபா. யுத்தத்துக்கு முன்னால் டவுன் பஸ் கண்டக்டர். கோட்டுக்கு அந்தப் பக்கம் வடக்குச் சாவடிக்குப் பொறுப்பு இடதுகை குல்மியே. அவன் சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்தவன். யுத்தத்துக்கு முன்னாலும் ஆளை நிறுத்திச் சீட்டுக் கேட்பதுதான் இரண்டு பேருக்கும் உத்தியோகம் என்பதால் இந்த வேலை கையில் நன்றாகவே படிந்துவிட்டது. இதைவிட ஒரு விசேஷம், குல்மியே கட்டியிருந்தது வர்ஃபாவின் தங்கையை. சண்டை ஓயும் நேரத்தில் மணல்மூட்டைக்குப் பின்னாலிருந்து இவன் "மச்சான், தங்கச்சிக்கு மசக்கை எப்படி இருக்கு?" என்று கேட்பதும், அவன் "புளிப்பு கேக்குறா மச்சான்" என்று பதில் கொடுப்பதும், அதன்பிறகு சுட ஆரம்பிப்பதும் அந்தத் தெருவில் வாடிக்கை.

வர்ஃபா ரோப்லேயை மேலும் கீழும் பார்த்து, எங்கே பயணம் என்றான். வேறு யாராக இருந்தாலும் நோயாளி, ஆஸ்பத்திரி, மய்யித்து அடக்கம் என்று எதையாவது சொல்லியிருப்பார்கள்.

"ஓடிப்போறோம்," என்றார் வாத்தியார்.

அம்பரோ கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் வர்ஃபாவின் மூக்கு முழுவதும் சிரிப்பாக மலர்ந்தது. அவனே அப்படி ஓடிப்போனவனாம். அதுவும் பஸ்ஸிலே, டிக்கெட் எடுக்காமல். தன் ஆட்களைக் கூப்பிட்டு, "டேய், இந்தக் காலத்துலயும் ஒழுங்கா ஓடிப்போற ஜனம் இருக்குடா, பாத்துக்கங்க," என்று காட்டினான். தடுப்புக் கம்பை அவனே தூக்கிவிட்டான். இருவரும் கோட்டுக்குள் பாதித் தூரம் போனதும், மனசு நிறைந்து, கல்யாண வீட்டில் செய்கிற மாதிரி துப்பாக்கியை வானத்தைப் பார்த்து வெடித்து வாழ்த்துச் சொன்னான். அவன் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள்.

வடக்கே இருந்தவர்களுக்கு அது கல்யாண வாழ்த்து என்று எப்படித் தெரியும்? தெற்குப் படை பாய்ந்துவிட்டது என்று அவர்கள் திருப்பிச் சுட்டார்கள். இவர்கள் பதில் கொடுத்தார்கள். அவர்கள் பீரங்கி கொண்டுவந்தார்கள். அந்த மாதத்தின் பெரிய சண்டை அப்படித்தான் ஆரம்பித்தது. எதிரியின் சதியை முறியடித்ததாக இரண்டு வானொலியும் சொல்லின.

ஓடிப்போனவர்கள் நிஜமாகவே ஓடி, கோட்டுக்கு நடுவில் இருந்த ஒரு சின்னப் பள்ளிவாசலுக்குள் விழுந்தார்கள்.

அங்கே ஷேக் மூமின் என்ற வயதானவரும் அவர் மனைவி தஹபோவும் இருந்தார்கள். ஊரே காலி செய்த பிறகும் அவர்கள் நகரவில்லை. ஐந்து வேளையும் பாங்கு சொல்ல வேண்டும், யார் வருகிறார்களோ இல்லையோ அது என் கணக்கு இல்லை என்பார் ஷேக். தஹபோ காலையும் மாலையும் பெரிய கெட்டிலில் தேநீர் போட்டு, கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று எடுத்துக்கொண்டு போவாள். அவள் கெட்டிலோடு தெருவில் இறங்கினால் இரண்டு பக்கமும் துப்பாக்கி தாழும். சர்க்கரை யாருக்கு எவ்வளவு என்பது அவளுக்குத்தான் தெரியும் என்பதால் அவளைச் சுட யாருக்கும் தைரியமில்லை.

தஹபோ விருந்தாளிகளைப் பார்த்ததும் அம்பரோவைத் தன் அறைக்குள் தள்ளி, வாத்தியாரைத் தொழுகைக் கூடத்தின் அந்தக் கோடியில் உட்காரவைத்தாள். பிறகு நடுவில் தானே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, இப்போது விஷயத்தைச் சொல்லுங்கள் என்றாள். அம்பரோ எல்லாவற்றையும் சொன்னாள். அரசாங்கம், அப்பா, லாரி, வியாழக்கிழமை. சொல்லிவிட்டு, ஜவ்ஹருக்கு இனிப் போக வழியில்லை, நீங்களே இங்கே முடித்துவைத்துவிடுங்கள் என்று ஷேக்கிடம் கேட்டாள்.

ஷேக் தாடியை நீவிக்கொண்டார். உங்கள் வீடு எங்கே என்றார். பக்காராச் சந்தைக்குப் பக்கம் என்றதும் அவர் முகம் தொங்கிப்போனது. அங்கிருந்து இங்கே வர ஒரு தம்ளர் தேநீர் ஆறுகிற நேரம்கூட ஆகாது. ஒட்டகம் இரண்டு நாள் நடக்கிற தூரம் எங்கே, இது எங்கே?

வெளியே சண்டை நின்றபாடில்லை. அம்பரோ விடவில்லை. தூரம் என்று சட்டக் கிதாபில் சொல்லியிருப்பது எதற்காக? போய்வர முடியாத கஷ்டத்துக்காகத்தானே? இன்று இந்தத் தெருவை ஒரு ஒட்டகம் கடக்க எத்தனை நாள் ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள். இரண்டு நாளில் கடந்துவிடுமா? கடக்கவே கடக்காது. அப்படியென்றால் இது ஜவ்ஹரைவிடத் தூரமில்லையா?

ஷேக் யோசித்தார். தலையை மெதுவாக ஆட்டினார். பெண் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது என்று கிதாபை எடுக்கக் கையை நீட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் கோடியிலிருந்து வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"மன்னிக்கணும் ஷேக். தூரம் வேற, நேரம் வேற. ரெண்டையும் ஒண்ணாப் போடக்கூடாது. பள்ளிக்கூடத்துப் பையனுங்க பண்ற தப்பு அது."

நீட்டிய கை திரும்பி வந்தது. ஆமாம், ஆமாம், வாத்தியார் சொல்வது சரிதான் என்றார் ஷேக்.

அம்பரோ அன்று முழுவதும் ரோப்லேயோடு பேசவில்லை. பேச வேண்டியதைத் தஹபோ மூலமாகச் சொல்லி அனுப்பினாள். "அந்த மனுஷன்கிட்ட சொல்லுங்க அத்தை, அவருக்குக் கல்யாணம் வேணுமா, பரீட்சை வேணுமான்னு கேட்டேன்னு." தஹபோ முக்காலியில் அசையாமல், நாலடி தூரத்தில் இருந்தவரிடம் அதை வார்த்தை பிசகாமல் சொன்னாள். தப்பைத் தப்பு என்று சொல்லாமல் இருக்க வரவில்லை என்று அவர் பதில் சொன்னார். அதையும் தஹபோ கொண்டுவந்து கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் தன் சொந்தச் செலவில் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள்.

"பொய் சொல்ற புருஷனை அடக்கிடலாம் மகளே. நெசம் சொல்றவன்தான் கஷ்டம். என்னைப் பாரு."

புதன்கிழமை மதியம் ஷேக் கிதாபில் இன்னொரு பக்கத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். தகுந்த மாப்பிள்ளை இருந்தும் தகப்பன் நியாயமில்லாமல் மறுத்தால், நாட்டை ஆள்கிறவர் அந்தத் தகப்பன் இடத்தில் நின்று பெண்ணைக் கொடுக்கலாம். தூரம் வேண்டாம், ஒட்டகம் வேண்டாம். நாட்டை ஆள்கிறவர் வேண்டும். அது யார்?

யாருக்கும் தெரியவில்லை. தஹபோ கெட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனாள்.

தெற்கே போய், தேநீர் ஊற்றியபடியே, இங்கே அரசாங்கம் யாரப்பா, ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டியிருக்கிறது என்றாளாம். நான்தான், இதிலென்ன சந்தேகம் என்றானாம் வர்ஃபா. வடக்கே போய் அதையே கேட்டாள். குல்மியே தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கண்டக்டர் என்ன சொன்னான் என்றுதான் முதலில் கேட்டானாம். அவன்தானாம் என்றாள் இவள். அவ்வளவுதான். ஒரு கல்யாணத்தை நடத்தி வைப்பவன் அரசாங்கம் என்று ஆகிவிட்டால், நடத்தி வைக்காதவன் என்ன ஆவான்? இரண்டு பேருக்கும் அது ஒரே நேரத்தில் உறைத்தது.

வியாழக்கிழமை காலை சண்டை நின்றது. நாலாவது பேச்சுவார்த்தைக் குழுவுக்கும் நிற்காத சண்டை அது. வடக்கிலிருந்து குல்மியேயும் தெற்கிலிருந்து வர்ஃபாவும் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, ஆட்களோடு பள்ளிவாசல் முற்றத்துக்கு வந்து சேர்ந்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள். துப்பாக்கியைக் கழற்றவில்லை.

"இந்தப் பொண்ணை நான் கொடுக்கிறேன். எழுதிக்குங்க ஷேக்," என்றான் குல்மியே.

"நீ யாரு கொடுக்க? உனக்குப் பொண்ணு கொடுத்ததே நாங்கதான்," என்றான் வர்ஃபா.

"அந்தக் கதைய விடு மச்சான். இது அரசு விவகாரம்."

"பொண்ணு தெற்கு. தெற்கத்தி அரசாங்கம்தான் கொடுக்கும்."

"தெற்குன்னு ஒண்ணு தனியா இருக்கா? ஊரு முழுக்க எங்களுதுன்னு வானொலில சொன்னது காதுல விழலையா?"

"ஊரு முழுக்க எங்களுது. நாங்களும் சொன்னோமில்ல?"

இதற்குமேல் அந்தப் பேச்சு எங்கும் போகவில்லை. சுற்றிச் சுற்றி வந்தது. வர்ஃபா மட்டும் கொஞ்சம் முன்யோசனைக்காரன். தகப்பன் நியாயமில்லாமல் மறுக்கிறான் என்பதை நேரில் விசாரிப்பதுதான் அரசாங்கத்துக்கு அழகு என்று, ஹிர்சியைக் கூட்டிவர வண்டி அனுப்பியிருந்தான்.

அம்பரோ வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. அஸருக்குப் பிறகு லாரி.

வண்டி வந்து நின்றது. அதன் கூரையை அறுத்து எடுத்துவிட்டு நடுவில் ஒரு பெரிய துப்பாக்கியை நட்டிருந்தார்கள். கதவில் நீல எழுத்தில் 'ஹிர்சி ஐஸ் கம்பெனி' என்று இன்னும் எழுதியிருந்தது. அந்தக் கதவைத் திறந்துகொண்டு ஹிர்சி இறங்கினார். தன் வண்டியில் தானே கைதியாக வந்த கோபத்தில் கதவை அறைந்து சாத்தினார். இறங்கியவர் மகளைப் பார்த்தார்; மாப்பிள்ளையைப் பார்த்தார்; பிறகு குல்மியேயைப் பார்த்ததும் அவர் கோபம் ஒரு பங்கு கூடியது. போன வருஷம் அவருடைய ஜெனரேட்டரை ஆறு பேரோடு வந்து தூக்கிக்கொண்டு போனவன் அவன்தான். வடக்கு வானொலி ஓடுவதே அதில்தான்.

ஷேக் விசாரணையை ஆரம்பித்தார். மாப்பிள்ளையிடம் குறை உண்டா? இல்லை என்றார் ஹிர்சி. குடும்பத்தில்? இல்லை. பிறகு ஏன் மறுக்கிறீர்கள்? அரசாங்கம் வரட்டும் என்றுதான் என்றார் அவர்.

இரண்டு தளபதிகளும் ஒரே குரலில், "வந்தாச்சே," என்றார்கள்.

ஹிர்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கிடுகிடுவென்று நடந்து கிணற்றடியில் போய், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்பரோ பின்னாலேயே போனாள். அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது ஐஸ் கம்பெனியில் வேலை முடிந்து வந்தால் அப்பாவின் கை எப்போதும் ஜில்லென்றிருக்கும். அந்தக் கையால் அவள் நெற்றியைத் தொட்டு, காய்ச்சலே இல்லாதபோதும் காய்ச்சல் போய்விட்டது என்பார். இப்போது அந்தக் கையைப் பிடித்தபோது சுட்டது.

"அப்பா, கடற்கரை ஹோட்டல் இனிமே இல்லப்பா."

"தெரியும்."

"நீங்க மாட்டேன்னா, இவங்கள்ல ஒருத்தன் உங்க எடத்துல ஒக்காந்து என்னைக் கொடுப்பான். வண்டிய எடுத்தவனா, ஜெனரேட்டர எடுத்தவனா, எவன் வேணும்னு நீங்களே சொல்லிடுங்க."

ஹிர்சி திரும்பிப் பார்த்தார்.

"மெரட்டுறியா?"

"ஆமாம்பா."

அவர் கிணற்றுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். அப்புறம் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, முற்றத்துக்கு வந்தார். இன்னும் யார் அரசாங்கம் என்றே பேசிக்கொண்டிருந்த இருவருக்கும் நடுவில் போய் நின்றார்.

"வண்டிய எடுத்தீங்க. ஜெனரேட்டர எடுத்தீங்க. மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் இல்லாம ஊரையே நாறடிச்சீங்க. எம்பொண்ணுக்குத் தகப்பன்ங்கிற எடத்தையும் எடுத்துக்கலாம்னு வந்தீங்களா? நான் உயிரோடதான் இருக்கேன். ஷேக், எம்பொண்ணை நான் கொடுக்கிறேன். எந்த அரசாங்கமும் குறுக்க வரவேண்டாம்."

தஹபோ நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். தளபதிகள் இருவர் முகத்திலும் ஒரே மாதிரி ஏமாற்றம். ஆனால் மற்றவனுக்கும் கிடைக்கவில்லை என்பதைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அம்பரோ அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள். ஷேக் பாயில் உட்கார்ந்து, மாப்பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற மஹராக ஒரு குர்ஆன் என்று பேசி முடித்து, "சாட்சி யாரு?" என்றார்.

இரண்டு ஆண்கள் வேண்டும். யோக்கியர்களாக இருக்க வேண்டும்.

முற்றம் முழுவதும் ஆண்கள் இருந்தார்கள். ஷேக் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். பார்வை படப்பட ஒவ்வொருவனும் தலையைக் குனிந்தான். ஒருவன் துப்பாக்கியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். ஒட்டகம் இரண்டு நாள் நடந்தாலும் இந்த ஊரில் அப்படி இரண்டு பேரைப் பார்க்க முடியாது என்று தஹபோ சொன்னாள். அம்பரோவுக்கு அழுகை வந்தது. வெயில் உச்சியைத் தாண்டிச் சரிய ஆரம்பித்திருந்தது.

கடைசியில் ஷேக், தளபதிகள் இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டார். செய்த பாவத்துக்கு இப்போதே மனம் திருந்தி, கைகால் முகம் கழுவி ஒளூ செய்து, இரண்டு ரக்காஅத் தொழுதால், மறுபடி பாவம் செய்கிற வரைக்கும் நீங்கள் யோக்கியர்கள்தான் என்றார். வர்ஃபா மூக்கைத் தடவிக்கொண்டு யோசித்தான்.

"அது எவ்வளவு நேரம் தாங்கணும் ஷேக்?"

ஒரு மாதமாவது என்றார் ஷேக். ஒரு மாதமா, பட்டாளம் கலைந்துவிடும் என்றான் குல்மியே. ஒரு வாரம் என்று இறங்கினார் ஷேக். தெற்கே ஒரு வாரம் சும்மா இருந்தால் வடக்கான் வந்துவிடுவான் என்றான் வர்ஃபா. பேரம் மாதத்திலிருந்து வாரத்துக்கும், வாரத்திலிருந்து நாளுக்கும் இறங்கி, பொழுது சாயும் வரைக்கும் என்று வந்து நின்றது. அதற்குக் கீழே ஒரு நிமிஷம்கூட இறங்கமாட்டேன் என்று ஷேக் சொல்லிவிட்டார். பொழுது சாய்வதற்குள் ஒரு குண்டு வெடித்தாலும் திருந்தினது பொய். திருந்தினது பொய் என்றால் சாட்சி பொய். சாட்சி பொய் என்றால் நிக்காஹ் செல்லாது. அந்தப் பாவம் வெடித்தவன் தலையில்.

இதில் ஏதோ ஒன்று இடறுகிறது என்று வாத்தியாருக்குப் பட்டிருக்க வேண்டும். சாட்சி சொல்கிற நேரத்தில் யோக்கியனாக இருந்தால் போதாதா என்கிற மாதிரி வாயைத் திறந்தார். அம்பரோ அவரை ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாய் அப்படியே கொட்டாவியாக மாறி மூடிக்கொண்டது.

"இன்னொண்ணு," என்றார் ஷேக். "எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்காம மனம் திருந்த முடியாது."

வர்ஃபா வண்டியைப் பார்த்தான். குல்மியே வடக்குப் பக்கம் பார்த்தான். ஜெனரேட்டரை நிறுத்தினால் வானொலி நின்றுவிடுமே என்றான். பொழுது சாயும் வரைக்கும்தானே என்றார் ஷேக். அன்று சாயங்காலம் மட்டும், தலைநகரம் முழுவதும் எங்கள் கையில் என்று வடக்கு வானொலி சொல்லவில்லை. நிலையத்தில் என்னவோ கோளாறு என்று ஜனங்கள் பயந்தார்கள்.

இரண்டு யோக்கியர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தொழுதார்கள். வர்ஃபா நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூதில் கொஞ்சம் அதிக நேரம் இருந்ததைப் பார்த்து, குல்மியே தன்னுடையதை இன்னும் நீட்டினான். நிக்காஹ் முடிந்தது. ஹிர்சி மகள் தலையில் கையை வைத்தார். சாவியை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஏறுங்கள் என்றார்.

அந்தத் துப்பாக்கி வண்டியைப் பார்த்ததும் வழியில் இருந்த எல்லாச் சாவடிகளிலும் கம்பைத் தூக்கிவிட்டார்கள். ஓட்டுவது யார் என்று ஒருவனும் பார்க்கவில்லை. சந்தைக்காரர்கள் ஓரமாகப் பதுங்கினார்கள். ஹிர்சி வழியெல்லாம் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பயப்படாதீங்க, பயப்படாதீங்க, கல்யாண வண்டி என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல ஜனங்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

நாலாம் கிலோமீட்டர் சந்தியில் லாரி நின்றுகொண்டிருந்தது. அவர்கள் வந்ததற்கு அப்புறமும் நின்றுகொண்டேயிருந்தது. எங்கள் ஊர் டிரைவருக்கு லாரி நிரம்பிவிட்டது என்று எப்போதும் தோன்றாது. ரோப்லேயின் அம்மா மூட்டைகளின் மேல் உட்கார்ந்தபடியே மருமகளை விசாரித்தாள். யார் கொடுத்தது, யார் சாட்சி, என்ன நிபந்தனை எல்லாவற்றையும் மகன் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பொழுது சாய்வதற்குள் ஒரு குண்டு வெடித்தாலும் செல்லாது என்ற இடத்தில் அந்த அம்மாளின் புருவம் உயர்ந்தது. மேற்கே திரும்பிச் சூரியன் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பார்ப்பதை நிறுத்தவேயில்லை.

ஹிர்சி கீழே நின்று, லாரியின் பலகை வழியாக மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மொம்பாசாவில் வெயில் எப்படி, ஐஸ் கிடைக்குமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டார். கிடைக்கும், அங்கே அரசாங்கம் இருக்கிறது என்றார் மாப்பிள்ளை. அப்படியா, அப்போது நானும் ஒருநாள் வந்து பார்க்கிறேன் என்றார் அவர். டிரைவர் ஒருவழியாக ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தான். அப்பாவின் கை நழுவிப்போனது.

லாரி உறுமி நகர்ந்தது. அம்பரோ அழுதுகொண்டே கையாட்டினாள். வண்டி ஊர் எல்லையை நோக்கித் திரும்பியபோது, சூரியன் வீடுகளின் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சிவப்பாக நின்றுகொண்டிருந்தது. அப்போது கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வெடிச் சத்தம் கேட்டது. ஒன்றே ஒன்று. யார் வெடித்தது, வர்ஃபாவா, குல்மியேயா, அல்லது யாராவது வெடித்த நிஜமான கல்யாண வாழ்த்தா, இன்றுவரைக்கும் தெரியாது.

மாமியார் கழுத்தைத் திருப்பினாள். மேற்கே பார்க்கப்போனாள்.

அம்பரோ கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். லாரியின் மேற்குப் பக்கம் சுருட்டிக் கட்டியிருந்த தார்ப்பாயின் முடிச்சை அவிழ்த்து, கீழே வரைக்கும் இழுத்துவிட்டாள்.

"தூசி வருது அத்தை," என்றாள்.

தார்ப்பாய்க்கு உள்ளே பொழுது நன்றாகவே சாய்ந்திருந்தது.